எலும்பு கேட்கும் இருக்கை

சைக்கிள் கடையில் புது சீட் வாங்க வருகிறவர் முதலில் கட்டைவிரலால் அதை அமுக்கிப் பார்ப்பார். அமுங்கினால் நல்ல சீட், அமுங்காவிட்டால் வேண்டாம். கடைக்காரரும் அதற்கேற்றாற்போலத் தடித்த நுரை வைத்த சீட்டையோ, இருக்கிற சீட்டின் மேல் மாட்டிக்கொள்ளும் ஜெல் கவரையோ எடுத்துத் தருவார். தெருமுனைக் கடைக்குப் போய்வரும் தூரத்துக்கு அது சுகமாகத்தான் இருக்கும். முக்கால் மணி நேரம் விடாமல் மிதித்தால் பழைய வலி திரும்பிவிடும். சிலருக்கு வலிகூடத் தெரியாமல் கவட்டை மரத்துப்போகும். உடனே இதைவிட மெத்தென்ற சீட் எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்குவார்கள். அந்தத் தேடலின் தொடக்கமே பிழை. உடம்பின் எடை சீட்டின்மேல் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. மென்மை அதற்கு வெகு பின்னால் வருகிறது.

ஒரு மரப் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் பிட்டத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள். கெட்டியான இரண்டு முண்டுகள் கையில் குத்தும். இடுப்பெலும்புக் கூட்டின் கீழ்ப்பகுதியான இஸ்கியம் என்ற எலும்பின் அடிமுனைகள் அவை. நாம் உட்காரும்போது பிட்டத்தின் பெரிய தசை விலகிக்கொள்ள, இந்த முண்டுகளும் அவற்றின் மேலுள்ள கொழுப்பும் நார்த்திசுவும் எடையைத் தாங்குகின்றன. மணிக்கணக்கில் தாங்கக்கூடிய இடம் இதுதான். இரண்டு முண்டுகளுக்கும் இடையேயான தூரம் பெரும்பாலானோருக்கு 10 முதல் 14 சென்டிமீட்டருக்குள் இருக்கும். ஆளின் பருமனைப் பார்த்து இதை ஊகிக்க முடியாது. பெருத்த உடம்புக்காரருக்கு இடைவெளி குறைவாகவும், ஒல்லியானவருக்கு அகலமாகவும் இருப்பது சாதாரணம்.

முண்டுகளுக்கு நடுவே உள்ள கவட்டைப் பகுதியில் எடை தாங்க எலும்பே இல்லை. பிறப்புறுப்புக்கு உணர்ச்சி தரும் பியூடெண்டல் நரம்பும், அதனோடு சேர்ந்து செல்லும் ரத்தக்குழாயும் இஸ்கியத்தின் உட்பக்கத்தை ஒட்டி இந்த வழியாகத்தான் முன்னால் வருகின்றன. எடை முண்டுகளை விட்டு நழுவி இங்கே இறங்கினால் இரண்டும் நசுங்கும். ரத்த ஓட்டம் குறையும், பகுதி மரத்துப்போகும். சீட்டின் சேதியை இரண்டாகப் பிரித்துப் புரிந்துகொள்வது நல்லது. முண்டுகளில் எடுக்கும் வலி பழக்கத்தில் குறைந்துவிடும். புதிதாக ஓட்டத் தொடங்கியவருக்குச் சில வாரங்களில் அது போய்விடும். கவட்டை மரத்துப்போவது அப்படிப்பட்டதல்ல. அதைப் பழகிக்கொள்ளக் கூடாது.

மெத்தென்ற சீட் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. பிசைந்த மாவில் இரண்டு விரல்களை அருகருகே அழுத்தினால், விரல்களுக்கு நடுவே மாவு பிதுங்கி மேலே எழும்பும். தடித்த நுரையிலும் ஜெல்லிலும் நடப்பது அதுவே. முண்டுகள் இரண்டும் உள்ளே புதைகின்றன, நடுவிலுள்ள பொருள் மேலெழும்பி, எலும்பில்லாத அந்த மெல்லிய பகுதியைக் கீழிருந்து முட்டுகிறது. உட்கார்ந்த மாத்திரத்தில் சுகமாகத் தெரிந்தது, எடை நடுவுக்கு இடம் மாறியதன் விளைவு. அதற்குமேல், மலிவான நுரை நாளடைவில் நைந்து, முண்டுகள் அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டையே தொட்டுவிடும். அப்போது நடுவிலும் வலி, ஓரத்திலும் வலி.

இதை வெறும் ஊகமாக விட்டுவிடாமல் அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் கொலோன் நகர மருத்துவர்கள் 20 ஆண்களை நான்கு வகை சீட்டுகளில் உட்கார்ந்து மிதிக்கச் செய்து, ஆணுறுப்பின் தோலில் ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது என்று தோல்மேல் ஒட்டிய உணரியால் அளந்தார்கள். 2002இல் வெளியான முடிவு இது: குறுகலான, தடித்த மெத்தை வைத்த சீட்டில் ஆக்சிஜன் 82 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மெத்தையே இல்லாத அகலமான தோல் சீட்டில் குறைவு சுமார் 64 சதவீதம். அகலமான, மூக்கில்லாத, நடுத்தர மெத்தை கொண்ட சீட்டில் சுமார் 20 சதவீதம் மட்டுமே. கட்டைவிரல் சோதனையில் முதலிடம் வாங்கியிருக்கக்கூடிய சீட்டுதான் நான்கிலும் கடைசி. அகலம் போதுமான அளவு இருந்தால் எடை எலும்பில் நிற்கும், ரத்தக்குழாய் பிழைக்கும்; அகலம் இல்லாமல் மெத்தையை மட்டும் கூட்டுவது நிலைமையை மோசமாக்கும் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

அப்படியானால் எல்லோரும் அகல சீட் வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் உட்காரும் விதம் குறுக்கே வருகிறது.

இடுப்பெலும்பை அடியிலிருந்து பார்த்தால், முண்டுகள் பின்னால் அகன்றும், அவற்றிலிருந்து முன்னோக்கிச் செல்லும் எலும்புக் கிளைகள் நெருங்கி நெருங்கி முன்னால் ஒன்றுசேர்ந்தும் இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் சீட்டைத் தொடுவது பின்புறத்து அகன்ற முண்டுகள். ஹேண்டில் பாரை நோக்கிக் குனியக் குனிய இடுப்பு முன்னால் உருள்கிறது. தொடும் இடம் குறுகலான கிளைகளுக்கு நகர்கிறது. ஆகவே ஒரே ஆளுக்கே நிமிர்ந்து ஓட்டும்போது ஓர் அகலமும், குனிந்து ஓட்டும்போது வேறோர் அகலமும் தேவை. பந்தய சைக்கிளில் அகல சீட்டை மாட்டினால் அதன் பின்பகுதி சும்மா இருக்கும், பக்கங்கள் தொடையின் உட்புறத்தை ஒவ்வொரு மிதிக்கும் தேய்த்துக்கொண்டே வரும்.

எடையின் கணக்கும் மாறுகிறது. சைக்கிளில் உடம்பு மூன்று இடங்களில் தாங்கப்படுகிறது: சீட், ஹேண்டில் பார், பெடல். நிமிர்ந்து மெதுவாகப் போகிறவரின் எடையில் பெரும்பங்கு சீட்டில் இறங்கும். குனிந்தவரின் எடையில் ஒரு பங்கு கைக்குப் போகும். பெடலை ஓங்கி மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மிதியின் எதிர்விசை உடம்பைச் சற்றே மேலே தூக்குகிறது. வலுவாக மிதிப்பவர் சீட்டில் அரைகுறையாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். பந்தய வீரர்கள் கத்திபோன்ற சீட்டில் ஐந்து மணி நேரம் ஓட்டுவதைப் பார்த்து, நமக்கும் அது பழகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். அதே சீட்டில் மார்க்கெட்டுக்கு ஆற அமரப் போய்வந்தால், அவர்கள் ஏற்றாத எடையை நாம் ஏற்றுகிறோம்.

பழைய கறுப்பு சைக்கிளின் சீட்டை இப்போது மறுபடி பார்த்தால் அதன் அறிவு புரியும். பிரிட்டனில் உருவாகி, பின்னர் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையிலும் தயாரான அந்த வகை வண்டிகளில் ஹேண்டில் பார் உயரமாக, ஓட்டுகிறவரின் பக்கம் வளைந்து வரும். முதுகு நேராக நிற்கும். எடை முழுதும் பின்முண்டுகளில் இறங்கும். அதற்கேற்ற அகலமான பின்பகுதி, அதன் அடியில் இரண்டு பெரிய சுருள் ஸ்ப்ரிங். முதுகெலும்பு நிமிர்ந்து நிற்கும்போது சாலைக் குழியின் அதிர்ச்சி நேராக மேலே ஏறும் என்பதால், அந்த ஸ்ப்ரிங் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. பால்காரர்களும் தபால்காரர்களும் ஆண்டுக்கணக்கில் அதில் நாள் முழுக்கச் சுற்றினார்கள். பழைய சீட், பழைய காலம் என்று ஒதுக்கிவிட்டு, அதே வண்டியில் குறுகலான ‘ஸ்போர்ட்ஸ்’ சீட்டை மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அந்த வகை சீட்டுகளின் மூதாதை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தது. 1866இல் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்யத் தொடங்கியவர் ஜான் போல்ட்பி ப்ரூக்ஸ். அவருடைய குதிரை 1878இல் இறந்துபோக, சைக்கிளில் வேலைக்குப் போனார், சீட் பாடாய்ப் படுத்தியது, தானே ஒன்றைச் செய்யக் கிளம்பினார் என்பது அந்த நிறுவனம் சொல்லிவரும் கதை. 1882இல் தோல் சீட்டுக்கு அவர் காப்புரிமை பெற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த அவர்களுடைய பி-17 சீட் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

தடித்த மாட்டுத்தோலை நனைத்து, அச்சில் அழுத்தி, உலர்த்தி, முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் ஆணியடித்துவிடுவார்கள். நடுவில் அடிப்பலகை எதுவும் கிடையாது; தோல் அந்தரத்தில் இழுபட்டு நிற்கும். புதிதில் கல்லாகத்தான் இருக்கும். ஓட்ட ஓட்ட, உடம்புச் சூட்டிலும் வியர்வை ஈரத்திலும் தோலின் நார்கள் முண்டுகள் அழுத்தும் இடத்தில் மட்டும் மெல்ல நெகிழ்ந்து இரண்டு பள்ளங்களாகும். நுரை போல அது நடுவில் பிதுங்காது. கடைசியில் அந்த சீட் ஒரே ஒருவருக்கானதாகிவிடும். இரவல் வாங்கினால் உறுத்தும். மழையில் நனைய விட்டால் தோல் தொய்ந்துவிடும் என்பதால், நம் ஐப்பசி கார்த்திகையில் மேலே ஓர் உறை போட்டே ஆக வேண்டும். பராமரிக்க நேரமில்லாதவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடுவில் பள்ளமோ பிளவோ உள்ள சீட்டுகள் புதிய கண்டுபிடிப்பு என்று விளம்பரங்கள் சொல்லும். 1890களிலேயே அமெரிக்காவில் ஸ்பால்டிங் நிறுவனம் ‘கிறிஸ்டி’ என்ற சீட்டை விற்றது. இரண்டு முண்டுகளுக்கு இரண்டு திண்டு, நடுவில் வெற்றிடம். விளம்பரத்திலேயே இடுப்பெலும்பின் படத்தைப் போட்டு விளக்கினார்கள். அந்தக் காலத்தில் சீட்டைப் பற்றிய கவலையின் பெரும்பகுதி, பெண்கள் சைக்கிள் ஓட்டினால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்ற அச்சத்திலிருந்து வந்தது. மருத்துவர்களும் அதை எழுதினார்கள். உண்மையான கேள்வி, அதாவது எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்பது, அந்த இரைச்சலில் அமுங்கிப்போய், அதைக் கருவி வைத்து அளக்க இன்னொரு நூறாண்டு ஆயிற்று.

அப்படி அளக்கத் தூண்டியவர்களில் காவல்துறையினரும் உண்டு. அமெரிக்க நகரங்களில் சைக்கிளில் ரோந்து போகும் காவலர்கள் தினமும் பல மணி நேரம் சீட்டில் இருப்பவர்கள். கலிஃபோர்னியாவின் லாங் பீச் காவலர்கள் கவட்டை மரத்துப்போவதாகச் சொன்னதை, தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அரசு நிறுவனமான நியோஷ் எடுத்துக்கொண்டது. ஸ்டீவன் ஷ்ரேடர் தலைமையிலான குழு பின்னர் பல நகரங்களைச் சேர்ந்த 90 ஆண் காவலர்களுக்கு மூக்கில்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னது. 2008இல் வெளியான முடிவின்படி, கவட்டையில் விழும் அழுத்தம் 66 சதவீதம் குறைந்தது. முந்தைய ஆறு மாதத்தில் ஒருமுறைகூட மரத்துப்போகவில்லை என்று சொன்னவர்கள் தொடக்கத்தில் 27 சதவீதம், முடிவில் 82 சதவீதம்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் மூக்குள்ள சீட்டுகள் ஏன் ஒழியவில்லை? மூக்குக்கும் வேலை இருக்கிறது. வளைவில் திரும்பும்போதும், பாரைப் பிடித்த கை தளரும்போதும் தொடைகள் இரண்டும் மூக்கைப் பற்றித்தான் வண்டியை அடக்குகின்றன. பந்தயத்திலோ சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதியே சீட்டுக்குக் குறைந்தது 24 சென்டிமீட்டர் நீளம் கேட்கிறது. இப்போது பரவிவரும், மூக்கு குட்டையான, நடுவில் அகன்ற பிளவுள்ள சீட்டுகள் இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம். என் கணிப்பில் அது நல்ல சமரசம்.

சைக்கிள் ஓட்டினால் ஆண்மை போய்விடும் என்ற பயம் இந்த ஆராய்ச்சிகளோடு சேர்ந்தே பரவியது. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 2018இல் வெளியான பெரிய ஆய்வொன்று சுமார் 4,000 ஆண்களைக் கேட்டறிந்தது; சைக்கிள் ஓட்டுகிறவர்கள், நீந்துகிறவர்கள், ஓடுகிறவர்கள் மூவரையும் ஒப்பிட்டதில் ஓட்டுநர்களின் பாலுறவுத் திறன் மற்றவர்களைவிட மோசமாக இல்லை. மரத்துப்போவது மட்டும் அவர்களுக்கு அதிகம். அதற்கான மருந்தும் அதே ஆய்வில் இருந்தது: பயண நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெடலில் எழுந்து நின்று மிதிப்பவர்களுக்கும், ஹேண்டில் பாரை சீட்டின் உயரத்துக்கோ அதற்கு மேலேயோ வைத்திருப்பவர்களுக்கும் அந்தத் தொல்லை குறைவாக இருந்தது. காசில்லாத வைத்தியம். பாலம் ஏறும்போது, வேகத்தடை வரும்போது எழுந்து நின்றுவிடுங்கள். நசுங்கிய குழாயில் ரத்தம் மறுபடி ஓடும்.

பெண்களைப் பற்றிய ஆராய்ச்சி வெகு பிந்தி வந்தது, இன்னும் போதவும் இல்லை. பெண்களின் முண்டுகளுக்கு இடையேயான தூரம் சராசரியில் சற்று அதிகம். முன்னெலும்புகள் சேரும் கோணமும் விரிவானது. அதனால் குனிந்து ஓட்டும்போது அழுத்தம் முன்னால், பிறப்புறுப்பின் மெல்லிய திசுவில் நேரடியாக விழுகிறது. 2012இல் 48 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஹேண்டில் பார் சீட்டைவிடத் தாழ்ந்திருந்தவர்களுக்கு அழுத்தம் கூடி, உணர்ச்சி குறைந்திருந்தது தெரிந்தது. ‘லேடீஸ் சீட்’ என்று எழுதியிருப்பதை வாங்கினால் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். இரண்டு பெண்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம், சராசரி ஆணுக்கும் சராசரி பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். அளந்துதான் வாங்க வேண்டும்.

அளப்பது எளிது. பார்சல் பெட்டியின் அட்டை ஒரு துண்டு போதும், உள்ளே நெளிநெளியாக இருக்கும் வகை. அதைத் தாழ்வான மாடிப்படியில் வைத்து, மெல்லிய உடையோடு, முழங்கால் இடுப்பைவிட மேலே இருக்குமாறு உட்காருங்கள். நீங்கள் வழக்கமாகக் குனியும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, கையால் படியின் விளிம்பைப் பிடித்து உடம்பைக் கீழ்நோக்கி இழுங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் பதிந்திருக்கும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளவுகோலை வையுங்கள். நன்றாகக் குனிந்து ஓட்டுகிறவர் அதோடு 1 சென்டிமீட்டரும், நடுத்தரமாகச் சாய்பவர் 2 சென்டிமீட்டரும், நிமிர்ந்து ஓட்டுகிறவர் 3 அல்லது அதற்கு மேலும் கூட்டிக்கொள்ளலாம். சீட்டின் அகலம் அது. நல்ல சீட்டுகளின் அடியிலோ பெட்டியிலோ 143, 155 என்று மில்லிமீட்டரில் அகலம் அச்சிட்டிருக்கும். கடைக்காரரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். இரண்டு பேர் கேட்டால் மூன்றாமவருக்கு அவரே சொல்லத் தொடங்குவார்.

சரியான சீட்டையும் தவறாக மாட்டிக் கெடுக்க முடியும். உயரம் அதிகமானால் பெடல் கீழே போகும் ஒவ்வொரு முறையும் இடுப்பு பக்கவாட்டில் ஆடி, கவட்டை தேயும். குறைவானால் மிதியின் வலு குறைந்து எடை முழுவதும் சீட்டில் குந்தும், முழங்காலும் வலிக்கும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் சிறிய வளைவு தானாக வந்துவிடும். சாய்வைப் பொறுத்தவரை, மட்டம் வைத்துப் பார்த்துக் கிடைமட்டத்தில் தொடங்குங்கள். மூக்கு மேலே தூக்கினால் அது கவட்டையைக் குத்தும். அதற்குப் பயந்து நிறையக் கீழே இறக்கினால் உடம்பு வழுக்கி முன்னால் வந்து, உள்ளங்கையும் தோளும் எடையைச் சுமக்கும். கை மரத்துப்போகிறது என்று கிளவுஸ் வாங்குபவர்களில் பலருக்கு வேண்டியது ஒரு ஸ்பானர்தான். திருத்தம் எதையும் சில மில்லிமீட்டராகச் செய்து, சில நாள் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடவேண்டும்.

நம் வெயிலுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உரசலும் வியர்வையும் சேர்ந்தால் மயிர்க்காலில் கிருமி புகுந்து கொப்புளம் வரும். நீண்டதூரம் ஓட்டுகிறவர்களைப் பாதி வழியில் இறக்கிவிடுவது பெரும்பாலும் இதுதான். ஜீன்ஸ் பேன்ட்டில் நான்கு தடித்த தையல்கள் வந்து கூடும் இடம் கவட்டைக்கு நேர் கீழே. எந்த சீட்டும் அந்த முடிச்சை வெல்லாது. தையல் குறைந்த, காற்றோட்டமான உடை போதும். திண்டு தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் போடுவதானால் உள்ளே ஜட்டி கூடாது, ஒவ்வொரு முறையும் துவைத்தாக வேண்டும்.

இத்தனையும் பார்த்தபிறகும், வண்டியை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் கழித்தும் மரப்பு போகாவிட்டாலோ, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

நம் ஊர்ப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள் எந்தப் பிள்ளைக்கும் அளவெடுத்துச் செய்ததில்லை. குள்ளமான பெண்ணும் நெட்டையான பையனும் ஒரே மாதிரி சீட்டில் ஏறுகிறார்கள். சீட்டை மாற்ற எல்லா வீட்டிலும் முடியாது. உயரத்தை மாற்ற முடியும். வண்டி வந்த அன்றே பிள்ளையை ஏற்றி உட்காரவைத்து, குதிகாலைப் பெடலில் வைத்துப் பார்த்து, சீட் குழாயின் நட்டைத் தளர்த்தி ஏற்றியோ இறக்கியோ வையுங்கள். குழாயில் செதுக்கியிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும்வரை ஏற்றக் கூடாது. அதைத் தாண்டினால் குழாய் வளையும், உடையும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும்போது அதே சோதனையை மறுபடி செய்யுங்கள், அதற்குள் பிள்ளை வளர்ந்திருக்கும்.